மச்சானின் மடக்குக் கத்தி

போன வாரம் என் மகனுக்கு ஒரு பார்சல் வந்தது. குரங்கணிப் பக்கம் மலையேறப் போகிறானாம். அதற்காக ஒரு மடக்குக் கத்தி வரவழைத்திருக்கிறான். கத்தி வந்த பெட்டியைப் பிரிக்கக் கத்தி இல்லாமல், அடுப்படிக்குப் போய் அவன் அம்மாவின் அரிவாள்மணையில் வைத்து அறுத்தான். உள்ளே இருந்தது நல்ல கனமான சாமான்தான். விரித்ததும் மெஷின் எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு உடனே மச்சான் ஞாபகம். அவனவனுக்கு மல்லிகை வாசத்தில் பழசெல்லாம் நினைவுக்கு வருகிறது. நமக்கு வாய்த்தது இது.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. டிகிரி வாங்கிவிட்டு வீட்டில் ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்த என்னையும், அங்கேயே ஸ்டோர் பார்க்கும் வேலையில் சேர்த்துவிட்டார். தினமும் ஜீப்பில் மலைக்குப் போவோம். ஜீப்பு எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு, அதைச் செய்தவன் ஏதோ கணக்குப் போட்டிருப்பான். எங்கள் டிரைவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சிலமலை ஊர்ப் பெண்கள் உள்ளே, உர மூட்டைகள் கூரைமேல், இடம் கிடைக்காதவர்கள் பின்னால் தொற்றிக்கொண்டு.

அந்தக் கத்தியை மச்சான் மூணாறில் யாரிடமோ வாங்கினார். "இது ஒண்ணு இருந்தாப் போதும் மாப்ளே, காட்டுல தனியாப் பொழைச்சுக்கலாம்" என்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்கா கையால் ரசம் ஊற்றாவிட்டால் சோறு இறங்காத மனிதர். காட்டில் பிழைக்கும் கத்தியால் அவர் செய்ததெல்லாம் பல் குத்த ஈர்க்குச் சீவியதுதான்.

மற்ற நேரமெல்லாம் மெஷின் எண்ணெய் விட்டு அதைச் சரிசெய்துகொண்டிருப்பார். அலகு மாட்டியிருந்த இடத்தில் ஒரு திருகாணி. முடுக்கினால் கத்தி திறக்காது. தளர்த்தினால் அலகு ஆடும். திறந்தபின் மடங்காமல் பிடிக்க வேண்டிய பூட்டுத் தகடும் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது என்று நம்பி, ஒரு நாணயத்தை வைத்துத் திருகிக்கொண்டே இருப்பார். தோட்டத்துச் சோலி அது பாட்டுக்கு நடந்தது.

ஒரு மழைநாள் காலை. ஜீப்பில் போகும்போது, அலகு ஆடுவதைப் பார்த்துப் பேச்சியம்மா சிரித்துவிட்டாள். தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்; வாய் கொஞ்சம் நீளம். "கிழவி பல்லு மாதிரில்ல ஆடுது!" மச்சானுக்கு ரோஷம். பலம்கொண்ட மட்டும் திருகாணியை முடுக்கினார்.

அடுத்த வளைவில் ஜீப்பு வழுக்கியது. பின்சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. எல்லாரும் குதித்துவிட்டோம், பேச்சியம்மாவைத் தவிர. மேலிருந்த மூட்டைகள் சரிந்து பள்ளத்தில் தொங்க, அவற்றைக் கட்டியிருந்த நைலான் கயிறு பின்னால் நின்ற அவள் கையைச் சுற்றி இறுக்கிவிட்டது. கயிற்றை அறுத்தால்தான் அவளுக்கு உயிர். அரிவாளெல்லாம் மேலே தோட்டத்து ஸ்டோரில் பத்திரமாக இருந்தன; சாவி என் பையில்.

நாங்கள் மேட்டுப் பக்கம் வண்டியைப் பிடித்துத் தொங்கினோம். மச்சான் பின்னால் ஏறிக் கத்தியை எடுத்தார். திறக்கவில்லை. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார்.

"இப்பத் தொறக்குமா அப்பு, இல்ல நாளைக்கு வரட்டுமா?" என்றாள் பேச்சியம்மா.

மச்சான் நாணயத்தை எடுத்துத் திருகாணியைத் தளர்த்தினார். பதற்றத்தில் அதிகமாகவே தளர்த்திவிட்டார். அலகு விரிந்தது, பூட்டு பிடிக்கவில்லை. கயிற்றில் கடித்து நின்ற அலகை இழுக்கும்போதெல்லாம் கத்தி மடங்கி அவர் விரல்களிலேயே விழுந்தது.

"மச்சான், கைய எடுங்க!" என்று கத்தினேன்.

"வண்டிய விட்றாதீங்கடா!" என்றார். கையை எடுக்கவே இல்லை.

கயிறு அறுந்தது. மூட்டைகளோடு கத்தியும் பள்ளத்துக்குப் போனது. ஜீப்பு தொம்மென்று நிமிர்ந்தது. சேற்றில் விழுந்த பேச்சியம்மா எழுந்து வந்து, முந்தானையைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். அன்றைக்குத் தோட்டம் போய்ச் சேரும்வரை அவள் யாரையும் கேலி பேசவில்லை.

வலதுகையில் இரண்டு விரல்கள் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. சோறு பிசைய இடதுகை பழகிக்கொண்டார். சட்டைப் பட்டன்தான் முடியவில்லை. தினமும் காலையில் அக்காதான் போட்டுவிடுவாள். வாசலில் ஜீப்பு ஹாரன் அடிக்கும். ஜீப்பில் இருக்கும் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். மச்சான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஆடாம நில்லுங்க. ஊருக்கெல்லாம் வீரரு, இங்க வந்து ஒரு பட்டனுக்கு இந்தப் பாடு."

"வெரசாப் போடு ஆத்தா, வண்டி போயிரும்."

ஒருநாளும் அவள் வெரசாகப் போட்டதில்லை. காலர் பட்டன்வரை போட்டு, காலரை ஒருதரம் நீவிவிட்டுத்தான் அனுப்புவாள்.

அக்கா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் மச்சானைப் பார்க்கப் போயிருந்தேன். கொல்லையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் தலைவழியாக மாட்டுகிற பனியன்கள். பட்டன் வைத்த சட்டை ஒன்றுகூட அந்தக் கொடியில் இல்லை.