புரட்டாசியில் போன கிண்ணம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டு அக்கா எதையும் முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டார். பெரிய மூக்குத்தி, அதைவிடப் பெரிய சந்தேகம்.

கறியும் முட்டையும் அவர் தொடாத புரட்டாசி மாதம். பாலும் க்ரீமும் காய்ச்சி இறுகவைத்த பன்னா கோட்டா என்ற இத்தாலிய இனிப்பைக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா முகர்ந்தார். கிண்ணத்தை ஆட்டினார். அது குலுங்கியது.

"முட்ட கிட்ட போட்டுகீறியா?"

"இல்லக்கா, கடல்பாசி. அது போட்டாலே இறுகிடும்."

பாக்கெட்டையே எடுத்துவந்து காட்டினேன். அதையும் முகர்ந்தார்.

"கடல்லதானே கெடந்துச்சி? மீனு பக்கத்துலயே வளந்துகினு இருந்திருக்குமே?"

ஆனாலும் கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குப்பைக்குத்தான் போயிருக்கும் என்று எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. மாதம் முடியும்வரை கிண்ணம் திரும்பவில்லை.

ஐப்பசி பிறந்த காலையில் அக்கா வாசலில் நின்றார். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று உள்ளே இரண்டு முட்டை.

"இப்போ இத்தப் போட்டுச் செய்யி. அன்னிக்குச் செஞ்சதுல இனிப்பு பத்தல."

அன்று நம்பிச் சாப்பிட்டாரா, சந்தேகத்தோடேயே வழித்துச் சாப்பிட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். அவரோ, தான் கொண்டுவந்த முட்டையையே எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.