அணைக்காமல் கொண்டுபோன பெட்டி

பெட்டியை மேசையில் வைத்ததும் சுந்தரலிங்கம் அதைத் தொட்டுவிடமாட்டார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதன் ஒரு மூலையைச் சுட்டுவிரலில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார். பெட்டியின் முகத்தில் பதினாறு ரப்பர் பட்டன்கள், நான்கு நான்காக. மேல்வரிசையின் இடது பக்கத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகத் துடைப்பார். பதினொன்றாவது பட்டன் கொஞ்சம் இறங்கிப்போனது. அதற்கு மட்டும் இரண்டு தரம். முடிந்ததும் கைக்குட்டையை உதறி மடித்துப் பழையபடி பையில் வைத்து, மேசை விளிம்பில் விரல்நுனியால் இரண்டு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் சுவிட்ச்.

"பூசை முடிஞ்சுதோ?" என்று கேட்பாள் கனகேஸ்வரி.

"முடிஞ்சிது டீச்சர். நீங்க ஒங்க சாமிய எழுப்புங்க."

அவளுடைய சாமி கொம்பியூட்டர். அது எழும்புவதற்கு நாலு நிமிடம் பிடிக்கும். தமையன் ரொறன்ரோவுக்குப் போகும்போது விட்டுப்போனது. கூடவே ஒரு கீபோட்டையும், இசை அமைக்கிற மென்பொருள் அடங்கிய மூன்று சீடிகளையும் விட்டுப்போயிருந்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்தவள், வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு இரண்டு வீடு இப்பால், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் தனியே குந்தி, அந்த மென்பொருளை ஒரு வருடம் தட்டித் தடவிப் பழகினாள். பிறகு நடன வகுப்புகளும் பூப்பெய்திய பிள்ளைகளின் சாமத்தியவீட்டு வீடியோக்காரரும் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். பாட்டுப் பதிவு செய்யும்போது ரயில் வந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த ஸ்ரூடியோவுக்கு இருந்த ஒரே குறை அதுதான். தாளம் தெரிந்த ஆள் இல்லாத குறையைச் சுந்தரலிங்கம் தீர்த்துவைத்திருந்தார்.

அவர் கொட்டாஞ்சேனைக்காரர். பகலில் மருதானையில் ஸவாஹிரின் பற்றரிக் கடையில் வேலை; சனி ஞாயிறுகளில் கல்யாண வீட்டு இசைக்குழுக்களுக்குத் தாளம். கப்பலில் வேலை செய்த ஒருவனிடமிருந்து வாங்கிய பெட்டி அது. கடைக்காரர்கள் அதை க்ரூவ்பொக்ஸ் என்பார்கள். மிருதங்கமும் டிரம்மும் மணியும் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. விரலால் தட்டித் தட்டி ஒரு தாளத்தைக் கட்டிவிட்டால் அது தானாகச் சுழன்றுகொண்டேயிருக்கும். கொம்பியூட்டர் தேவையில்லை, வேறு எந்தத் துணையும் தேவையில்லை. சுந்தரலிங்கத்துக்கு அது வெறும் "பெட்டி".

ஸ்ரூடியோவில் மட்டும் அதை ஒரு வயரால் கொம்பியூட்டருடன் கட்டுவார்கள். பெட்டி முன்னால் நடக்கும். கொம்பியூட்டர் அதன் வேகத்தைப் பிடித்துக்கொண்டு வீணையையும் குழலையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும். கனகேஸ்வரிக்கு இந்த ஒழுங்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

"அண்ணை, எல்லாத் தாளத்தையும் ஒருக்கா கொம்பியூட்டருக்குள்ள எடுத்து வைப்பம். பிறகு வெட்டலாம், ஒட்டலாம். உந்தப் பெட்டி பழுதாப் போனா என்ன செய்வியள்?"

"போன தடவ எடுத்தீங்களே, என்னாச்சு? எல்லாத் தட்டையும் கட்டத்துக்குள்ள நேரா நிறுத்தி வச்சிட்டீங்க. டான்ஸ் மாதிரியா இருந்திச்சு? பரேட்டு மாதிரி இருந்திச்சு."

அது உண்மைதான். அவருடைய விரல் மூன்றாவது தட்டில் ஒரு மயிரிழை பிந்தும். கொம்பியூட்டர் அதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிட்டது. ஆனால் அவர் மறுப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறதென்று கனகேஸ்வரிக்குத் தெரியும். ஒருநாள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சிரித்தபடியே சொல்லியிருந்தார்: "அம்புட்டையும் ஒங்க மெஷினுக்குள்ள போட்டுட்டா அப்புறம் இந்த மனுசன் எதுக்கு டீச்சர்? பஸ் காசு மிச்சம்னு வுட்டுருவீங்க."

"என்ன கதை இது!" என்று அவள் சொன்னாள். ஆனாலும் அந்தச் சிரிப்பு அவளுக்கு உறைத்துத்தான் இருந்தது. கடையில் அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கலாம். கல்யாண வீட்டிலும் எடுக்கலாம். தான் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் ஒரே இடம் என்று அவர் நம்பியது இந்த அனெக்ஸைத்தான். அந்த நம்பிக்கை பெட்டிக்குள் இருந்தது.

அந்த வருடம் 2001. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, கொழும்பு முழுவதும் முறைவைத்துக் கரண்ட் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மருதானையில் வெட்டும் நேரத்தில் கடையில் பற்றரி ஏற்ற முடியாது. அந்த நேரம் பார்த்துச் சுந்தரலிங்கம் வெள்ளவத்தைக்கு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நடன ஆசிரியை அருந்ததியின் மாணவிகளுடைய நிகழ்ச்சி. ஏழு உருப்படிகளில் ஆறு கசற்றில் ஏறி முடிந்துவிட்டன. கடைசி உருப்படி மீனவப் பெண்களின் நடனம். அதன் தாளத்தைச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கட்டிவிடுவதாகப் பேச்சு.

செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், வெள்ளவத்தையிலும் கரண்ட் போய்விட்டது.

"சரி, இண்டைக்கு அவ்வளவுதான்" என்றாள் கனகேஸ்வரி.

"இருங்க டீச்சர். நான் யாரு? பற்றரிக் கடைக்காரன்."

அவர் பையிலிருந்து மோட்டார் சைக்கிள் பற்றரியொன்றை எடுத்தார். அதன் தலையில் இரண்டு கவ்விகள், நடுவில் தீப்பெட்டியளவு ஒரு மின்சுற்று, அதிலிருந்து பெட்டிக்குப் போகும் வயர். எல்லாம் அவரே பற்றவைத்தவை. சிவப்பு விளக்குகள் வரிசையாக ஓடத் தொடங்கின. கொம்பியூட்டர் கறுப்பு முகத்துடன் பக்கத்தில் தூங்கியது. இருவரும் ஒரே ஹெட்போனின் இரண்டு காதுகளையும் ஆளுக்கொன்றாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

இரண்டு மணித்தியாலத்தில் தாளம் வந்துவிட்டது. வலையை இழுக்கும்போது எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி சாய்வதுபோல ஒன்று. கனகேஸ்வரி மறுபடி ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு, "அண்ணை, இதை உடனே சேவ் பண்ணுங்கோ" என்றாள்.

அவர் பட்டனை அமுக்கினார். சின்னத் திரையில் இடமில்லை என்று வந்தது.

"பழசில ஒண்டை அழியுங்கோ."

"எத?"

"ஏதாவது. பதினேழு?"

"அது கொச்சிக்கட பெருநாளுக்கு வாசிச்சது."

"நாற்பத்தொண்டு?"

"அது ஆடிவேலுக்குப் போட்டது டீச்சர். எப்புடி அழிக்கிறது?"

ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கல்யாணத்தையோ தெருவையோ மனிதரையோ சொன்னார். அழிக்க ஒன்றும் அகப்படவில்லை. கரண்ட் வந்திருந்தால் அந்த ஒன்றையாவது கொம்பியூட்டருக்குள் இறக்கியிருக்கலாம், அது வரவில்லை. இருட்டுவதற்கு முன் அவர் கொட்டாஞ்சேனை போய்ச் சேரவேண்டும். பெட்டியை அணைத்தால் தாளம் போய்விடும்.

"அணைக்காம எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு வந்து ஒங்க மெஷின்ல இறக்கிக்குவோம். இந்த ஒன்ன மட்டும், சரியா?"

"ஓம், ஓம். இந்த ஒண்டை மட்டும்" என்று கனகேஸ்வரி சிரித்தாள்.

பற்றரியுடன் பொருத்தியபடியே பெட்டியை ஒரு பழைய பாடசாலைப் பைக்குள் வைத்தார்கள். வயர் கழன்றுவிடாமல் துணியை அடைத்து, சிப்பைத் தன் கையாலேயே இழுத்து மூடினாள் அவள். தாளம் பிழைத்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், அந்த நகரத்தில் அந்த வருடத்தில் எதைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறோம் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. யுத்தகாலம்; விமான நிலையம் தாக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை; வயரும் பற்றரியும் கண்டால் குண்டு என்பார்கள்.

புதன்கிழமை காலை அவருடைய மனைவி பழனியம்மா கொமியூனிகேஷன் கடையிலிருந்து போன் எடுத்தாள்.

"டீச்சர், இவரு அங்கயா தங்கிட்டாரு?"

"இல்லையே அக்கா, நேற்று ஐஞ்சு மணிக்கே வெளிக்கிட்டவர்."

 பொலிஸ் பிடித்திருக்கும் என்று இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்து அவரைப் பிடித்திருக்கிறார்கள் என்று மத்தியானம் தெரியவந்தது. கனகேஸ்வரி செருப்பைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். வடக்கிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவரும் எங்கே தங்கியிருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்திருக்கவேண்டும். அவளுடைய பதிவு முடிந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. புதுப்பிக்கக் கையெழுத்து வைக்கவேண்டிய வீட்டுக்காரர் இந்தியாவுக்கு யாத்திரை போயிருந்தார். அவள் போனால் சுந்தரலிங்கத்தை மீட்கமாட்டாள். தானும் உள்ளே இருந்துவிடுவாள். கடைசியில் ஸவாஹிருக்குப் போன் எடுத்தாள்.

"நீங்க எங்கயும் போகாதீங்க" என்றார் ஸவாஹிர். "எனக்கு சிங்களம் வரும். கடை லெட்டர்ஹெட் இருக்கி. நான் பாக்கன்."

அன்று முழுவதும் அவள் கொம்பியூட்டரைத் திறக்கவில்லை. அருந்ததி போனில் கேட்டபோது, "பெட்டி வரும்" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சுந்தரலிங்கம். இரண்டு நாள் தாடி. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் பெட்டி.

"அண்ணை... அடிச்சவங்களா?"

"சீச்சீ. ரெண்டு பேர் மெரட்டுனாங்க, ஒருத்தன் டீ வாங்கிக் குடுத்தான். இது என்னன்னு அவங்களுக்கு வெளங்கவே ரெண்டு நாளாச்சி. பையத் தொறந்தா வயரு, பற்றரி, செவப்பு லைட்டு ஓடுது! பஸ்ஸே காலி. கண்டக்டர் மிச்சக் காசு குடுக்காம ஓடிட்டான், பாவி."

அவள் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வீட்டுக்குப் போகேல்லையோ?"

"மொதலாளிதான் வெளிய எடுத்தாரு, கடையிலேந்து போன் பண்ணிட்டேன். பழனி ஏச வேண்டியத போன்லயே ஏசிட்டா. ஞாயித்துக்கெழம ப்ரோகிராம் டீச்சர். மொத இத முடிப்போம்."

பெட்டியின் அடித்தகட்டில் இரண்டு திருகாணிகளைக் காணவில்லை. யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே நினைவைக் காக்கும் காசளவு பற்றரியையும் பிடுங்கிவிட்டுத் திருப்பி மூடியிருந்தார்கள். கரண்ட் இருந்தது. அவர் சுவிட்சைப் போட்டார். ஒன்றாம் இலக்கம் வெறுமை. பதினேழு வெறுமை. நாற்பத்தொன்று வெறுமை. கடைசிவரை போய்ப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

 நல்லகாலம், ரயில் ஒன்று வந்தது. அது போய் முடியும்வரை பேசவேண்டியிருக்கவில்லை.

ரயில் போனபின் அவர்தான் பேசினார். "ஒங்க மெஷின்ல இடம் எவ்வளவு இருக்கு?"

"கனக்க இருக்கு, அண்ணை."

"கட்டத்துக்குள்ள நிறுத்தமாட்டீங்களே?"

"ஒரு தட்டையும் தொடமாட்டன். சத்தியமா."

"அப்ப வயரக் குடுங்க."

முதலில் மீனவப் பெண்கள். பெட்டி வெறுமையாக இருந்தாலும் அதன் குரல்கள் உள்ளேயே இருந்தன, விரல்களும் இருந்தன. இரண்டாம் முறையிலேயே தாளம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வந்தது அல்ல அது. மூச்சு வாங்கும் இடம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. கனகேஸ்வரி திரையில் பார்த்தாள்: மூன்றாவது தட்டு கோட்டைவிட்டு விலகி நின்றது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் நிறுத்தவில்லை. "பதினேழு" என்றார். அவள் பதிவை அமுக்கினாள். "நாப்பத்தொன்னு." அமுக்கினாள். இருட்டுவதற்குள் இருபத்தாறு. சனிக்கிழமை வந்து இன்னும் முப்பது. சில நினைவில் வரவில்லை, அவற்றை வேறு ஏதோவாக வாசித்துவிட்டு, "இதுதான்னு நெனைக்கிறேன். இல்லாட்டியும் இருக்கட்டும்" என்றார்.

முடிந்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் உள்ள போயிருச்சா? இனி என்னப் புடிச்சிட்டுப் போனாலும் தாளம் இங்க இருக்கும்ல?"

"தாளம் இருக்கும்" என்றாள் கனகேஸ்வரி. "ஆனா செவ்வாய்க்கிழமை நீங்கள் வரோணும். அடுத்த மாசம் இன்னொரு வகுப்பு கேட்டிருக்கினம். அவையளுக்குப் பழசு வேண்டாமாம்."

அப்படி எந்த வகுப்பும் கேட்டிருக்கவில்லை. அவர் வந்தார். அடுத்த கிழமையும் வந்தார்.

சமாதான காலத்தில், 2003இல், கொம்பியூட்டருக்குக் கரண்ட் போனாலும் ஓடுகிற பற்றரி ஒன்று வாங்கக் கனகேஸ்வரி மருதானைக்குப் போனாள். சுந்தரலிங்கம் சாப்பிடப் போயிருந்தார். ஸவாஹிர் பில் எழுதிக்கொண்டே சொன்னார்:

"அந்த மனுசனப் புடிச்ச அன்னைக்கே, ஆறு மணிக்கெல்லாம் அது மியூசிக் பெட்டின்னு அவங்களுக்கு வெளங்கிரிச்சி, டீச்சர். நெறைய ஆள் தட்டிக்கூடப் பாத்தாங்களாம். ஒரு கேள்விதான் கேட்டாங்க. எங்கேந்து கொண்டுவாறாய், எந்த வீடு, விலாசத்தச் சொல்லு, ஆள் அனுப்பிப் பாத்துட்டு ஒடனே வுடுறோம்னு. ஒங்கட பதிவு முடிஞ்சிருக்கிறது அவருக்குத் தெரியுமாமே? ரெண்டு நாளும் ஒரே பதில்தான். வெள்ளவத்தைக் கடக்கரையில, கல்லுல தனிய குந்தி வாசிச்சிட்டு வாறேன்னு."