கட்டைவிரலிலும் விழுந்த புள்ளிகள்

சவரிமுத்து தன் வம்சத்தில் முதல் பட்டதாரி. ராதாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் பாளையங்கோட்டை போய் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவன். அந்தப் பிசிக்ஸோடு புனே வந்து, கசார்வாடியில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் பெட்டி தூக்கினான் என்பது ஊருக்குத் தெரியாது. 2006இல்தான் அவனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேசையும், சிவப்பில் 'ரிஜெக்ட்' என்று விழும் ரப்பர் சீலும் கிடைத்தன. அன்றிலிருந்து சட்டையை இன் பண்ணிக்கொண்டுதான் வேலைக்கு வந்தான்.

அந்த ஜூலையில் கோயம்புத்தூர் வார்ப்பட ஆலை ஒன்றிலிருந்து இருநூறு அலுமினிய பம்ப் கூடுகள் வந்து இறங்கின. அவற்றில் அறுபத்திரண்டில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டைகள். பம்பில் மாட்டினால் தண்ணீர் கசியும். சவரிமுத்து அறுபத்திரண்டிலும் சீலைக் குத்தினான். போட்டோ அனுப்பினால்தான் மாற்றிக் கொடுப்போம் என்றது ஆலை. முதலாளி கல்யாணசுந்தரம் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்தாலும் நடுவில் இந்தி நுழைந்துவிடும். தன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன டிஜிட்டல் கேமராவை சவரிமுத்து கையில் கொடுத்து, "ஏழு மெகாபிக்சல். ஜரா சம்பால்கே, பத்திரம்" என்றார்.

முதலில் எடுத்த படங்களில் ஓட்டையே இல்லை. மழை இருட்டு, ஒற்றை ட்யூப்லைட். பிளாஷ் போட்டால் அலுமினியம் வெளுத்துப் போனது. போடாவிட்டால், ஈரத் தூரிகையால் இழுத்துவிட்ட வாட்டர்கலர் போல வந்தது. வார்ப்பின் சொரசொரப்பும் போய், ஓட்டையும் போய், எல்லாம் ஒரே வழவழப்பு. மெனுவைக் குடைந்து ஷார்ப்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் உச்சத்துக்கு ஏற்றினான். இப்போது புள்ளிகள் தெரிந்தன. ஏகப்பட்ட புள்ளிகள். அப்பாடா என்று அனுப்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை ஆலையிலிருந்து சூப்பர்வைசர் தங்கராஜ் கூப்பிட்டார். முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங் தம்பி, படத்துல கூட்டப் புடிச்சிட்டிருக்கறது உங்க கட்டவெரலுங்களா?"

"ஆமாண்ணே."

"அதுலயும் அதே ஓட்ட இருக்குதுங்களே. அதையும் திருப்பி அனுப்பறீங்களா?"

பட்டறையே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

"தேக்கோ முத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். அவங்க ஒத்துக்கலேன்னா எல்லாத்தையும் மெஷின்ல ஏத்திருவேன். சீலக் குடுத்துட்டு நீ மறுபடி லோடிங் பாரு. அவ்ளோதான்."

விரலில் ஓட்டை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கூட்டில் இருப்பதும் தெரியும். குண்டூசியை விட்டே பார்த்திருக்கிறான். கேமரா ஏன் ஒன்றை மறைத்து, இல்லாத ஒன்றைக் காட்டியது?

வியாழக்கிழமை அந்தப் பகுதிக்கு கரண்ட் கிடையாது, வார விடுமுறை. அவன் கிளம்புவதைப் பார்த்து அறைக்கூட்டாளி கிறிஸ்டோபர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

"எல, லீவு அன்னைக்குமா? பெட்டி தூக்குனாலும் அதே சம்பளந்தானல?"

"சம்பளத்துக்கு இல்லடே. இருக்குத ஓட்டைய இல்லன்னு சொல்லச் சொல்லுதானுவ. அது என்னால ஆவாது."

பட்டறையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, உள்ளே கேமராவைச் செங்கல் அடுக்கின் மேல் அசையாமல் வைத்தான். ஒரு கூட்டை எதிரே வைத்துப் படம் எடுத்தான். பிறகு எதையும் தொடாமல் இன்னும் இரண்டு. கல்லூரி லேபில் ஒரே ஒரு ரீடிங் எழுதினால் நோட்டு திரும்பி வந்துவிடும், அந்தப் பழக்கம். பின்திரையில் பெரிதாக்கி மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன் அப்படியே குந்திவிட்டான். புள்ளிகள் இடம் மாறியிருந்தன. ஏழு மட்டும் மாறவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. வெளிச்சம் போதாவிட்டால் கேமரா தானாகவே ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளி உணர்திறனை ஏற்றிக்கொள்கிறது. ஏற்றினால் நாய்ஸ் என்கிற பொய்ப்புள்ளிகள் முளைக்கின்றன. அவற்றைத் துடைக்கும்போது நிஜ ஓட்டையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. அந்தத் துடைப்புதான் வாட்டர்கலர். ஷார்ப்னஸை ஏற்றியபோது, துடைத்தும் மிஞ்சிய பொய்ப்புள்ளிகள்தான் விரல் வரைக்கும் துருத்திக்கொண்டு தெரிந்திருக்கின்றன. ஐ.எஸ்.ஓ.வை எண்பதில் நிறுத்தி, கை அசைவு படாமலிருக்க இரண்டு விநாடி டைமர் போட்டு எடுத்தான். அதே ஏழு ஓட்டைகள், விளிம்போடு, துல்லியமாக வந்தன.

வெள்ளிக்கிழமை காலை பிம்ப்ரி நெட் சென்டரிலிருந்து நான்கு படங்களையும் அனுப்பிவிட்டு, பட்டறைக்கு வந்து அவனே ஆலைக்குப் போன் போட்டான்.

"அண்ணே, மொத மூணும் ஒரே கூடு, ஒரே எடம். எடம் மாறுத புள்ளி கேமராவோடது. மாறாம நிக்குத ஏழும் ஒங்களோடது. நாலாவதுல அந்த ஏழு மட்டுந்தான் இருக்கும், எண்ணிப் பாருங்க."

மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"இது சரிங்க தம்பி. மிச்சம் அறுவத்தொண்ணு?"

"அதுக்கும் நாலு நாலு அனுப்புதேன்."

"அத்தனையுமுங்களா?"

"சாயங்காலத்துக்குள்ள."

செவ்வாய்க்கிழமை சிரித்தவர்களே கூடுகளை வரிசையாக எடுத்துக் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவன் எழுந்திருக்கவில்லை. எடுத்ததும் நெட் சென்டருக்கு ஓடி, ஓட்டை உள்ள பகுதியை மட்டும் வெட்டி அனுப்பி முடித்தபோது மணி நான்கரை. ஐந்தரைக்குப் பட்டறை பேக்ஸில் இரண்டே வரியில் பதில் வந்தது: அறுபத்திரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டன, மாற்றுக் கூடுகள் நாளை லாரி ஏறும்.

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். "சரி, சீல வெச்சுக்கோ. கேமராவக் குடு."

"அதுவும் இந்த மேசையிலதான் சார் இருக்கணும்."

"அரே, மச்சான் கேட்டா என்ன சொல்றது?"

"வேற வாங்கிக்கிடச் சொல்லுங்க" என்றான் சவரிமுத்து, அடுத்த பெட்டியின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டே.