மடி நிறையப் பால்ரஸ்

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். பொம்மை ரிமோட் ரேஸ் கார் ஓட்டுவதென்றால் எனக்குப் பைத்தியம். அன்று சாயங்காலம், காரின் பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலுக்கு கிரீஸ் மாற்றத் தரையில் உட்கார்ந்து திருகாணியைக் கழற்றினேன். உள்ளேயிருந்த கடுகளவு பால்ரஸ் இரும்பு உருண்டைகள் கைலி மடியில் சிதறின. அசைந்தால் போச்சு.

நேரம் பார்த்து வந்தது மழை! களத்தில் நெல் காய்கிறது.

"யோவ், தார்ப்பாய் இழுக்க வாய்யா!" என்று மனைவி கத்தினாள்.

"எய்ந்திரிக்க முடியாதுடி, மடில பால்ரஸ் கீது!"

"புள்ளயா தூங்குது மடில?"

மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். ஒற்றை ஆளாக அவளே மூடினாள். ஓரத்து நெல் நனைந்ததோடு தப்பித்தோம். சொட்டச் சொட்ட வந்தவள் ஒரு சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள்.

"இதுல கொட்டு. இதுக்கா குந்திக்கினு கீற?"

இப்போதெல்லாம் தட்டில் வைத்துத்தான் கழற்றுகிறேன். அதற்கும் முன்னால், நெல்லை மூடிவிடுகிறேன்.