கண்ணில் ஒற்றிய சீட்டு

இங்கே சீட்டுப் பகிர்கிறவர்கள் மேசையை விட்டு விலகும்போது இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கையை ஒருமுறை, புறங்கையை ஒருமுறை காட்டிவிட்டுத்தான் போவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை ஒருவகை வணக்கம் என்று நினைத்தேன். ஒருவர் என் பக்கமாகக் கையை விரித்தபோது நானும் தலை குனிந்து கும்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கைக்குள் எதையும் மறைத்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு அது அடையாளம் என்று பிறகுதான் விளங்கியது.

இது ஜெர்மனியில் வெந்நீரூற்றுகளுக்குப் பேர்போன சிறு நகரம். நோயாளிகள் காலையில் நீரில் இறங்குவார்கள். பின்னேரம் கோட்டுப் போட்டுக்கொண்டு ஷ்பீல்பாங்க் என்கிற சூதாட்ட மாளிகைக்கு வருவார்கள். நான் அங்கே சாம்பல் தட்டு மாற்றுகிறேன், வெறும் கிளாசுகளை எடுக்கிறேன், நாற்காலிகளை ஒதுக்குகிறேன். ஊரில் எஸ்.எஸ்.சி. வரை படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம். இந்த வேலையில் யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அது வசதியாக இருந்தது.

பிளாக்ஜாக் மேசையில், சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்கு மேலே போகாமல் பகிர்பவரை வெல்ல வேண்டும். ஆட்டத்தை விட, அது தொடங்க முன்னம் சீட்டுகளுக்கு நடக்கிற மரியாதையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். புதுக் கட்டுகளை எல்லோருக்கும் முன்னால் உடைப்பார்கள். ஒன்றும் குறையவில்லை என்று தெரிய, முகம் மேலே பார்க்க விசிறிபோல் பரப்புவார்கள். பிறகு கவிழ்த்து, இரண்டு கைகளாலும் மாப்பிசைவதுபோல் கலப்பார்கள். விளையாட வந்தவர் ஒருவர் நிறத் தகடு ஒன்றைச் செருகிச் சீட்டுக்கட்டை வெட்டுவார். கடைசியில் ஷ்லிட்டன் என்கிற பெட்டிக்குள் அடுக்கி, முதற் சீட்டை ஒருவருக்கும் காட்டாமல் ஒதுக்கிவிடுவார்கள். யாரும் கதைக்க மாட்டார்கள். ஐயர் பூசைக்கு ஆயத்தம் செய்வதைப் பார்ப்பது போல இருக்கும்.

எங்கள் ஊரில் முந்நூற்று நாலு என்கிற சீட்டாட்டம் விளையாடும்போது கடதாசி காலுக்குக் கீழேயும் கிடக்கும், உடுத்த சாரத்துக்கு உள்ளேயும் கிடக்கும். கூட்டாளிக்குக் கண்ணால் சாடை காட்டாதவனை மடையன் என்பார்கள். பிடிபட்டால் சண்டை. சண்டை முற்றினால், "பிள்ளையார் கோயிலடிக்கு வா, கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணு" என்பார்கள். அந்தச் சொல்லோடு பொய்க்காரன் எழும்பிப் போய்விடுவான். நியாயம் என்றால் எங்களுக்கு அதுதான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், கையுறை போட்ட ஒரு கிழவி நன்றாக வென்றுகொண்டிருந்தாள். நான் அவளுடைய சாம்பல் தட்டை மாற்றக் குனிந்தேன். பகிர்பவர் அவளுக்கு இழுத்த சீட்டு யாரோ ஒருவருடைய முழங்கையில் பட்டு, மேசை விளிம்பால் வழுகி நிலத்தில் விழுந்தது. என் கால் சப்பாத்து அதன்மேல் பட்டது. மனம் யோசிக்க முன்னம் கை நீண்டுவிட்டது. சீட்டை எடுத்து, இரண்டு கண்களிலும் ஒற்றி, மேசையில் வைத்தேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பகிர்பவர் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். விழுந்த சீட்டை மேசைத் தலைவர் வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். நானோ அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோயிருந்தேன். எதிரே இருந்த மனிதர், நான் அதைப் படித்துக் கிழவிக்குச் சாடை காட்டினேன் என்றார். தலைவர் ஹேர் பிராண்ட் வந்து அந்தச் சுற்று செல்லாது என்றார். பெட்டியில் மிச்சமிருந்த சீட்டுகளையும் அகற்றச் சொன்னார். கிழவி தன் கைப்பையை மூடிக்கொண்டு எழும்பிப் போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அலுவலக அறையில் ஹேர் பிராண்ட் என்னை நாற்காலியில் இருக்கச் சொன்னார்.

"சீட்டைப் பார்த்தீர்களா?"

"நைன், இல்லை. கண்ணை மூடினேன்."

"ஏன் முகத்துக்குக் கொண்டுபோனீர்கள்?"

எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுக்கு எட்டாது. கடதாசி, கால், கடவுள் என்று மூன்று சொற்களைச் சொன்னேன். அவர் சன்னலைப் பார்த்தார். நான் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யப் போனேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"உங்களை நம்புகிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை," என்றார். "திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன்."

வேலை போனால் இந்த நாட்டில் இருக்கிற அனுமதியும், ஊரில் மனைவிக்கும் மகளுக்கும் அனுப்புகிற காசும் போய்விடும். அறைக்குத் திரும்பி, என்னோடு தங்கியிருக்கும் நடராசா அண்ணையிடம் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறவர்.

"சூதாட்டக் கடதாசியிலயும் சரஸ்வதி இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

"கை தானாப் போயிட்டுது அண்ணை."

"ஊரில முந்நூற்று நாலு விளையாடேக்க கும்பிட்டனியோ?"

"இல்லை."

"பிறகென்ன, இஞ்ச வந்துதான் பக்தி முத்தினதோ? போய்ப் படு. சொன்னதுக்கெல்லாம் ஓம் எண்டு சொல்லு. ஏலாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

நான் படுத்திருந்து யோசித்தேன். ஊரில் அழுக்கேறிய கடதாசிக்கு எழும்பாத கை, இங்கே இவர்கள் அவ்வளவு பயபக்தியோடு தொடுகிற சீட்டுக்கு எழும்பிவிட்டது. இதை எந்தப் பாஷையில் யாருக்குச் சொல்வது?

திங்கட்கிழமை ஹேர் பிராண்ட், வேலை போகவில்லை என்று சொல்லிவிட்டு, இனி எப்படி நடக்க வேண்டுமென்று எனக்குச் செய்து காட்டினார். சீட்டு விழுந்தால் அசையாமல் நிற்க வேண்டும். கைகளை விரித்து எல்லோருக்கும் தெரியப் பிடிக்க வேண்டும். யாராவது வந்து எடுக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். "முடியுமா?" என்றார். "யா" என்றேன். பனிக்காலத்தில் இன்னொரு சீட்டு விழுந்தது. என் சப்பாத்து நுனி அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் கைகளை விரித்து நின்றேன். ஹேர் பிராண்ட் சீட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, "குட்" என்றார். சந்தோஷமோ துக்கமோ வரவில்லை. அடுத்த மேசைக்குச் சாம்பல் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். மகள் நிலத்தில் குந்தியிருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கடந்து போகும்போது அவளுடைய பாடப் புத்தகத்தில் என் கால் பட்டுவிட்டது.

"அப்பா, கால் பட்டிட்டுது," என்றாள்.

நான் நின்றேன்.

"என்னப்பா, சிலை மாதிரி நிக்கிறியள்? தொட்டுக் கும்பிடுங்கோ," என்று மனைவி குசினி அடுப்படியிலிருந்து சொன்னாள்.

என் இரண்டு கைகளும் விரிந்திருந்தன. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துத் தன் கண்களில் ஒற்றினாள். நான் அப்படியே நிற்பதைக் கண்டு, நுனிக்காலில் எம்பி, என் கண்களிலும் அதை ஒற்றினாள். நான் கண்ணை மூட மறந்துபோனேன். அச்செழுத்துகள் மிகக் கிட்டத்தில், கறுப்பாக, வாசிக்க முடியாமல் தெரிந்தன.