விழுங்காத ஆறு மாத்திரைகள்

நிமோனியா என்று என்னைப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் காகிதத்தையும் இரண்டு தரம் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். காய்ச்சலில் அன்று, மருந்து ஆய்வில் சேரச் சம்மதம் கேட்டு நீட்டிய காகிதத்தை மட்டும் முதல் பக்கத்தோடு நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நிமோனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டுச் சொல்லுமாம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். எனக்கு நாளைக்கு மூன்று. பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீவைகுண்டத்து வாழை விவசாயி ஒருவர். அவரும் அதே ஆய்வில்தான். அவருக்குக் காலையில் ஒன்றே ஒன்று.

"உமக்கு மூணு குடுக்காவ அண்ணாச்சி. எனக்குக் குறைச்சுட்டாவளோ?" என்றார்.

எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. அவருடையது வீரியமுள்ளது, அதனால்தான் ஒன்று போதுகிறது. என்னுடையது ஏதோ பழைய சரக்கு.

டாக்டரம்மா வந்தபோது, "ரெண்டுல எதும்மா நல்ல மருந்து?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நல்லதுதான் சார். எது கூடுதலாக் கேக்கும்னு எங்களுக்கே உறுதியாத் தெரியாது. அதுக்குத்தான் ஒப்பிட்டுப் பாக்கோம்."

ஒரு டாக்டர் தெரியாது என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. தெரிந்தே மறைக்கிறார் என்று முடிவுகட்டினேன். அன்றிலிருந்து மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, நர்ஸ் நகர்ந்ததும் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுவைத்தேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் திரும்பியது. டாக்டரம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"மருந்து கேக்கல. அப்படியே படிவத்துல எழுதிருங்க, வேற மாத்துவோம்" என்றார் நர்ஸிடம்.

அது பொய்ப் பதிவு. என் வேலைக்காலம் முழுக்க அப்படி ஒன்றை நான் எழுதியதில்லை. வெட்கத்தோடு கூட்டைத் திறந்து நீட்டினேன்.

டாக்டரம்மா எண்ணிப் பார்த்தார். ஆறு. "பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கிடலாம்னு காகிதத்துலயே போட்டிருக்கே சார்."

"அதுவரைக்கும் நான் படிக்கலம்மா."

"இப்ப விலகுதீங்களா?"

யோசித்தேன். "இல்ல. ஆனா நீங்க எழுதுததை வாசிச்சுக் காட்டணும்."

எழுதினார், வாசித்தார். நோயாளி ஆறு வேளை மாத்திரையை விழுங்கவில்லை என்று இருந்தது. எட்டிப் பார்த்து நானும் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு அதே மருந்தில் நர்ஸ் கொடுத்த புது மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன்.

விவசாயி எனக்கு முந்தி வீட்டுக்குப் போனார். சில நாள் கழித்து நானும் தேறிப் போனேன். அவருக்கு வாய்த்த மருந்துதான் உசத்தியோ என்று இன்னும் சமயத்தில் தோன்றும். டாக்டரம்மா மறைத்தார் என்று மட்டும் இப்போது நினைப்பதில்லை.