லேப்டாப்பில் ஒட்டிக்கொண்ட சிங்கக்குட்டி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாவுக்கு ‘பிரேக் டீச்சர்’ என்று பெயர் வைத்தது அவரிடம் படித்தவர்கள்தான். பக்கத்து சீட்டிலிருந்து அவர் மிதிக்கிற மிதியில், ஓட்டுகிறவரின் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டு வரும். புருஷனை விவாகரத்து செய்ததும் அதே வேகத்தில்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அந்த மனிதரோ அதிக தூரம் போகவில்லை. டீச்சரின் தலைக்கு நேர் மேலே ஒரு வீடு காலியாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டார். பேச்சுவார்த்தை கிடையாது. நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கீழே வரும்.

ஞாயிறு காலைகளில் டீச்சர் வீட்டு ஹாலில் சாலை விதிகள் வகுப்பு. ஒரு நாள், பயிற்சியின்போது போனில் எடுத்த வீடியோவை லேப்டாப்புக்கு அனுப்பிப் பெரிதாகக் காட்ட நினைத்தார். புளூடூத் மசியவில்லை. ‘இணைக்கிறது’ என்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் கையை விரித்தது. இரண்டையும் அணைத்துப் போட்டார். போனை லேப்டாப்போடு ஒட்டி வைத்தார். லேப்டாப்பின் தலையில் ஒரு தட்டும் தட்டினார். மாணவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கடைசியில் வெளியூரிலிருந்த மகளைக் கூப்பிட்டார்.

“லேப்டாப்புல வேற ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கா பாரும்மா.”

“‘சிங்கக்குட்டி’ன்னு ஒண்ணு இருக்குடி. இணைஞ்சிருக்குன்னு காட்டுது.”

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். “அது அப்பா போன்மா! கால் வந்தா லேப்டாப்புல பேசறதுக்கு, நீங்க ஒண்ணா இருந்தப்போ நான்தான் சேர்த்து வச்சேன்.”

அந்த நேரம் பார்த்து லேப்டாப்பே வாய் திறந்தது. பேசியது மெக்கானிக்கின் தம்பி.

“அண்ணே, என்ன பேச்சையே காணோம்? கீழ்வீட்டு ராட்சசி நல்லா இருக்காளா?”

மேலே, மாடியில், “ஹலோ! ஹலோ!” என்று மெக்கானிக் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

டீச்சர் லேப்டாப்பை நோக்கிக் குனிந்தார். “ராட்சசிதான் பேசறேன், தம்பி.”

“அண்ணி! நல்லா இருக்கீங்களா அண்ணி?” என்ற குரல் அத்தோடு அறுந்தது.

டீச்சர் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறினார். வேடிக்கை பார்க்க மாணவர் கூட்டம் பின்னாலேயே போனது. கதவைத் திறந்த மெக்கானிக் அழாத குறையாக, “இந்த போன் செத்துப்போச்சு. வீட்டுக்குள்ள வந்தாலே ஒரு குரலும் கேக்கல. கடைக்காரனைப் போய்த் திட்டிட்டும் வந்தாச்சு” என்றார்.

“குரல் எல்லாம் கீழ என் வீட்டுக்கு வருது. குடுங்க இப்படி.”

லேப்டாப்பிலிருந்து சிங்கக்குட்டியை நீக்கினார். மெக்கானிக்கின் போனிலிருந்து லேப்டாப்பை நீக்கினார். பிறகு தன் போனைச் சேர்த்தார். இரண்டு திரையிலும் ஒரே எண் வந்தது. ‘சரி’யை அழுத்தியதும் வீடியோ சமத்தாக வந்து சேர்ந்தது. அதில் ஒரு மாணவரின் கார் நடைபாதைமேல் ஏறி, குப்பைத்தொட்டியை முத்தமிட்டு நின்றது. எட்டிப் பார்த்த மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எனக்கும் கத்துக்கொடுப்பியா?”

சேர்ந்து வாழ்ந்த காலமெல்லாம் இந்த மனிதர் டீச்சரிடம் வழிகூடக் கேட்டதில்லை.

“பின்வரிசையில உக்காரணும். வாயைத் திறக்கக் கூடாது.”

மெக்கானிக் வந்தார், வாயைத் திறந்தார், திட்டு வாங்கினார். முதல் தேர்வில் கோட்டைவிட்டு, அடுத்ததில் தேறினார். இருவரும் மறுபடி சேரவில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று, ரவுண்டானாவில் யார் முதலில் போக வேண்டும் என்று தெருவே கேட்கச் சண்டை போடுகிறார்கள்.